உராய்வை அளந்த அறிஞர் கூலோம்

மின்னேற்றத்தின் அலகாகக் கூலோம் என்னும் பெயரை மாணவர் யாவரும் அறிவர். அவர் மின்னியலிற் புகுமுன் மரமும் கயிறும் கொழுப்பும் கொண்டு உராய்வின் இயல்பை ஆராய்ந்தவர் என்பதை அறிந்தார் சிலரே. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சாள்சு ஒகத்தீன் த கூலோம் 1736ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள் பிரான்சு நாட்டின் அங்கூலேம் நகரிற் பிறந்தார். மெசியேர் நகரத்துப் படைப் பொறியியற் கல்லூரியிற் பயின்று 1761இற் பொறியியலாளராக வெளியேறினார். 1764இல் மார்த்தினீக்குத் தீவுக்கு அனுப்பப்பட்டு, எட்டாண்டுகள் கோட்டை கட்டும் பணியில் உழைத்தார். அத்தீவின் நோய்கள் அவரைப் பலமுறை வாட்டின. 1772இல் உடல் நலிந்து தாயகம் மீண்டாரேனும், மண்ணும் கல்லும் புகட்டிய பாடங்களை ஒரு கட்டுரையாக்கி, அடுத்த ஆண்டே பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார்.

1779இல் உரொச்சுபோர் துறைமுகத்திற் பணி வாய்த்தது. அக்காலை விஞ்ஞானக் கழகம் உராய்வு பற்றிய ஆராய்ச்சிக்குப் பரிசு அறிவித்திருந்தது. தகுந்த விடை வாராமையாற் பரிசு இரட்டிப்பாக்கப்பட்டது. சுமை மிகின் உராய்வும் அதற்கு விகிதமாக மிகும் என்பதை 1699இலேயே அமொந்தோன் கூறியிருந்தார். எனினும், சிறு துண்டுகளை மேசைமேல் இழுத்துப் பார்ப்பதோடு கூலோம் அமையவில்லை. கப்பல் கட்டும் தளத்தின் மரங்களையே எடுத்துப் பெருஞ்சுமை ஏற்றி அளந்தார். மரத்தின்மேல் மரம் நெடுநேரம் அசையாது கிடப்பின், அதனை நகர்த்துதற்கு வேண்டிய விசை வளர்வதைக் கண்டார். நகரத் தொடங்கியபின் வேகத்தால் உராய்வு பெரிதும் மாறாமையையும், மரமும் உலோகமும் உரசுமிடத்து இவ்விதி வழுவுவதையும் குறித்தார். பொருள், மசகு, சுமை, நேரம் என ஒவ்வொன்றையும் தனித்தனி மாற்றி நோக்கியதே அவர் முறையாகும். 1781இற் பரிசும் கழகத்தின் உறுப்புரிமையும் ஒருங்கே அவரை அடைந்தன.

அறிவோடு நேர்மையும் அவர்பால் இருந்தது. பிரித்தானி மாகாணத்துக் கால்வாய்த் திட்டம் பயன் தராது என அஞ்சாது அறிக்கை செய்தமையால் மேலோர் சினத்துக்கு ஆளாகி, 1783இல் ஒரு வாரம் சிறையிருந்தார். பின்னர் அம்மாகாணத்தார் அளித்த பரிசில்களை மறுத்து, ஆய்வுக்கு உதவும் கடிகாரம் ஒன்றை மட்டும் ஏற்றார் என்பர்.

1785 முதல் முறுக்கல் தராசு கொண்டு மின்விசையின் விதியை நிறுவினார். புரட்சிக் காலத்தில் 1793இற் கழகம் கலைக்கப்படவே, நண்பர் போர்தாவுடன் நாட்டுப்புறம் சென்று தங்கினார். 1795இற் புதிய நிறுவனம் அவரை அழைத்தது. இறுதியாண்டுகளிற் கல்விப் பரிசோதகராகத் தொண்டாற்றி, 1806ஆம் ஆண்டு ஓகத்து 23ஆம் நாள் பாரிசில் மறைந்தார்.

அவர் அளந்தவற்றாற் பயன் என்னை என வினவுவார்க்கு இக்காலத்திலேயே விடையுண்டு. மரமும் இயற்கை தந்த பல்பகுதியப் பொருளே. 1938இற் கண்டறியப்பட்ட தெப்லோன் மனிதன் ஆக்கிய பல்பகுதியம். ஐதரசன் வாயுவை அமுக்கும் பொறிகளில் எண்ணெய் கலப்பின் வாயு மாசுறும். ஆதலின், எண்ணெயின்றி வழுக்கும் தெப்லோன் வளையங்களை முசலத்தில் அணிவர். இவ்வளையம் உரசும்போது உலோகத்தின்மேல் மெல்லிய படலமொன்றைப் பூசுகின்றது. அப்படலம் பற்றி நிற்பின் தேய்வு குறையும், உரிந்து போகின் தேய்வு மிகும். வளியில் உள்ள ஒட்சிசனும் ஈரமும் உலோகத்தின் மேற்பரப்பை மாற்றுவன. தூய ஐதரசனில் அவை இல்லாமையால் படலம் பற்றும் இயல்பும் வேறுபடுகின்றது. எனவே, வளியில் அளந்த உராய்வுக் குணகத்தை ஐதரசனுக்கும் உரியதெனக் கொள்ளுதல் தவறாகும். வளையம் தேய்ந்தால் வாயு கசியும். எளிதில் தீப்பற்றும் வாயு கசிதல் உயிருக்கே இடையூறு.

இந்நிலையிற் பொறியியலாளர் கைக்கொள்ள வேண்டுவது கூலோம் காட்டிய நெறியே: பொருள் எச்சூழலில் உழைக்குமோ அச்சூழலிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுவதோடு நில்லாது, அது எந்நிலையில் அளக்கப்பட்டது என வினவும் பழக்கம் நம் மாணவரிடத்து வளர்வதாக.