பேரனுக்குப் பாட்டனார் வைத்துச் சென்ற நிதி

ஸ்ரீமந் நாதமுனிகளை ஆசார்ய பரம்பரையில் முதல்வராக நாம் நாள்தோறும் அநுஸந்திக்கிறோம். மறைந்துபோன நாலாயிர திவ்யப்பிரபந்தத்தை மீட்டுத் தந்த வள்ளல் என்று கொண்டாடுகிறோம். ஆனால் அம்மஹான் அன்புள்ள தகப்பனாராகவும், அதற்கும் மேலாகப் பேரனை எண்ணி ஏங்கிய பாட்டனாராகவும் வாழ்ந்தவர் என்பதை நினைப்பவர் சிலரே. மகன், மருமகள், பேரன் பேத்திகளோடு இவ்வுத்ஸவத்துக்கு வந்திருக்கும் பாகவதர்களுக்கு அந்த வரலாற்றைச் சொல்லவேண்டும் என்பது அடியேனுக்கு நெடுநாளாக உள்ள ஆசை.

வீரநாராயணபுரம் என்பது இன்றைய காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரியால் அவ்வூரை அறிந்தவர்கள் பலர். அங்கே சொட்டைக்குலம் என்னும் வைதிகக் குலத்தில், ஈச்வரபட்டருக்குத் திருக்குமாரராக, சோபகிருது வருஷம் ஆனி அனுஷத்தில் நாதமுனிகள் அவதரித்தார். ஸம்பிரதாயக் கணக்கில் அது கி.பி. 823. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சற்றுப் பிற்பட்ட காலம் சொல்லுவர். அந்த வாதம் இங்கே வேண்டுவதில்லை. அவருடைய திருக்குமாரர் ஈச்வரமுனிகள்.

ஒரு ஸமயம் நாதமுனிகள் மன்னனாரிடம் விடைபெற்று வடநாட்டு திவ்யதேசங்களை ஸேவிக்கப் புறப்பட்டார். தனியே போகவில்லை. வயது முதிர்ந்த தகப்பனாரையும், மகனையும், குடும்பத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டே சென்றார். வண்டியும் ரயிலும் இல்லாத காலத்தில் முதியவரையும் பெண்டிரையும் கூட்டிக்கொண்டு வடமதுரை வரையில் நடப்பது எத்தகைய காரியம் என்பதை, இரண்டு நாள் யாத்திரைக்கே குடும்பத்தோடு அலைந்து களைத்தவர்கள் நன்கு அறிவார்கள். யமுனைக்கரையில் கோவர்த்தனபுரம் என்னும் இடத்தில் கண்ணபிரானை ஸேவித்துக்கொண்டு எல்லோரும் தங்கிவிட்டார்கள். அங்கேயே இருந்துவிடலாம் என்றும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் மன்னனார் கனவிலே தோன்றி ஊருக்குத் திரும்பும்படி நியமிக்க, மறுபேச்சின்றித் திரும்பினார். அந்த யமுனைத்துறை மட்டும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அதற்குப்பின் நடந்தது எல்லோரும் அறிந்ததே. வெளியூரிலிருந்து வந்த வைஷ்ணவர்கள் சிலர் மன்னனார் ஸந்நிதியில் குடந்தை ஆராவமுதனைப் பற்றிய நம்மாழ்வாருடைய திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினார்கள். ஆயிரம் பாசுரங்களுள் இவை பத்து என்று முடிவிலே வருவதைக் கேட்ட நாதமுனிகள், மற்றவை தெரியுமா என்று வினவினார். தெரியாது என்றனர். உடனே திருக்குருகூர் சென்றார். அங்கே பராங்குசதாஸர் உபதேசித்த மதுரகவிகளின் கண்ணிநுண் சிறுத்தாம்பைத் திருப்புளியின் அடியில் பன்னீராயிரம் உரு ஜபித்தார். ஆழ்வாரும் திருவுள்ளம் உகந்து அருளினார். ஆயிரத்தைத் தேடிப் போனவர் நாலாயிரத்தையும் பெற்றுத் திரும்பினார். அவற்றை இசையோடு அமைத்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். திருவரங்கத்தில் அரையர்கள் பாடி அபிநயிக்கும் முறை இவ்வழியே வந்தது.

முதுமையில் நாதமுனிகள் தம் திருக்குமாரரை அழைத்து, உமக்கு ஒரு பிள்ளை பிறக்கப்போகிறான், அவனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடும் என்று நியமித்தார். குடும்பத்தோடு தாம் கண்ணனை அநுபவித்த அந்தத் துறையின் பெயரையே, இன்னும் பிறவாத பேரனுக்கு வைத்துவிட்டார். பேரன் வரும்போது தாம் இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தம் சிஷ்யர்களை நோக்கினார். குருகைக் காவலப்பன் யோக ரஹஸ்யத்தை விரும்பிப் பெற்றார். திருவெள்ளறையில் பிறந்த புண்டரீகாக்ஷரோ, வீட்டில் பிணம் கிடக்க மணம் கொண்டாடுவார் உண்டோ என்று கேட்டு, தனக்கு மட்டும் யோக ஸுகம் வேண்டாம், உலகம் உய்யப் பிரபந்தமும் அதன் பொருளும் போதும் என்றார். அதனாலே அவர் உய்யக்கொண்டார் ஆனார். பிறக்கப்போகும் பேரனை ஆளாக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிறகு ஒருநாள், வேட்டையாடிவிட்டுத் தேவியரோடு திரும்பிய அரசன் அவ்வழியே சென்றான். நாதமுனிகள் யோகத்தில் இருந்தார். வில்லேந்திய இருவரும், ஒரு பெண்பிள்ளையும், ஒரு குரங்கும் வந்து உம்மைத் தேடினார்கள் என்று திருமகளார் வந்து சொன்னார். கேட்ட மாத்திரத்தில் அவர்கள் இராமலக்ஷ்மணர்களும் பிராட்டியும் அனுமனுமே என்று துணிந்து எழுந்து ஓடினார். வழியிலே கண்டவரையெல்லாம் விசாரித்துக்கொண்டே, பின்னாளில் கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயர் பெற்ற ஊர் வரையில் சென்றார். அங்கும் காணாமையாலே தரிக்கமாட்டாமல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவ்விடத்தைச் சொர்க்கப்பள்ளம் என்று வழங்குகிறார்கள். பேரன் முகத்தை அவர் கண்டதில்லை.

யமுனைத்துறைவர் தாது வருஷம் ஆடி உத்திராடத்தில், ஸம்பிரதாயக் கணக்கில் கி.பி. 916ல், பிறந்தார். இளவயதிலேயே அரசவைப் புலவனை வாதில் வென்று, ஆளவந்தார் என்ற பெயரும் பாதி ராஜ்யமும் பெற்றார். அரண்மனை வாழ்வில் பாட்டனார் நினைவு மங்கிற்று. உய்யக்கொண்டாரும் அதற்குள் மறைந்திருந்தார். ஆனால் மறைவதற்கு முன் அப்பொறுப்பைத் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் சொல்லிச் சென்றிருந்தார்.

அந்த முதியவர் அரண்மனைக்குள் நேரே புகமுடியவில்லை. ஆளவந்தார் தூதுவளைக் கீரையை விரும்பி உண்பார் என்று மடைப்பள்ளியாரிடம் கேட்டறிந்தார். வேலியிலே படர்ந்து கிடக்கும் முள்ளுள்ள கொடி அது. பறித்தால் கை கிழிபடும். அக்கீரையை நாள் தவறாமல் ஆறு மாதம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். சில நாள் கழித்து, இலையில் கீரை ஏன் இல்லை என்று ஆளவந்தார் கேட்க, கொண்டுவந்த கிழவர் வரவில்லை என்றனர். அடுத்து வந்தபோது தம்மிடம் அழைத்துவரச் செய்து, பொருள் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்டார். வாங்க வரவில்லை, உம் பாட்டனார் தேடிவைத்த நிதி என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்கும் வரையில் தடையின்றி வந்துபோக வழி செய்யவேண்டும் என்றார் நம்பி. பின்பு நாள்தோறும் வந்து கீதையின் பொருளை உபதேசித்தார். ஆளவந்தாருடைய நெஞ்சு உருகிப் பக்குவமான பின், நிதி இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன், அது இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஏழு மதில்களுக்குள் இருக்கிறது என்று கூறி அழைத்துச் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பள்ளிகொண்ட பெரிய பெருமாளைக் காட்டி, இதுவே அந்த நிதி என்றார். ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை.

பாட்டனாருடைய சொத்து முழுவதும் கைக்கு வந்தது என்று சொல்லவும் முடியாது. யோகம் மட்டும் எஞ்சியிருந்தது. நாதமுனிகள் திருநாடு அடைந்த ஊரிலேயே தங்கி யோகத்தில் இருந்த குருகைக் காவலப்பனைத் தேடிச் சென்று, சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார் ஆளவந்தார். காவலப்பன் கண் விழித்து, சொட்டைக்குலத்தார் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். பிராட்டி அணைந்தாலும் அவள் முகம் பாராமல் என்னோடே கலந்திருக்கும் பெருமான் இன்று என் தோளை அமுக்கி மூன்று நான்கு முறை பின்புறம் எட்டிப் பார்த்தான், ஆகையாலே கேட்டேன் என்றாராம். நாதமுனிகளின் குலத்துப் பிள்ளையைக் காண எம்பெருமானுக்கே அவ்வளவு ஆசை! யோகத்தை உபதேசிக்க ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார் காவலப்பன். ஆனால் ஆளவந்தார் திருவனந்தபுரம் சென்ற இடத்தில் அந்த நாள் நினைவுக்கு வந்தபோது, அன்றைய தினமே அது என்று கண்டார். அந்த ரஹஸ்யம் காவலப்பனோடே போயிற்று. நாதமுனிகள் இயற்றிய ந்யாயதத்த்வமும் யோகரஹஸ்யமும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

ஆளவந்தார் அருளிய ஸ்தோத்ரரத்நத்தைப் பாராயணம் செய்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முதல் மூன்று சுலோகங்களும் நாதமுனிகளுக்கே வணக்கம். இடையிலே தம் குற்றங்களையெல்லாம் ஒளிக்காமல் பெருமானிடம் சொல்லிக்கொள்கிறார். கடைசிச் சுலோகத்துக்கு வரும்போது, தாம் கண்டறியாத அந்தப் பாட்டனாரை மறுபடியும் அழைக்கிறார். உன் திருவடிகளில் இயல்பான அன்பு பூண்ட என் பிதாமஹர் நாதமுனிகளைப் பார்த்து, என் நடத்தையை எண்ணாமல் எனக்கு அருள்புரிய வேண்டும் என்பதே அவருடைய கடைசி விண்ணப்பம்.