தொழில்வரிப் பாக்கியும் லக்ஷ்மிநரசு செட்டியாரும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தறி போட்டும், பட்டறை வைத்தும், சிறுகடை நடத்தியும் பிழைப்பவர் ஒருவர் இன்று தமது நகராட்சிக்கு அரையாண்டுத் தொழில்வரியைச் செலுத்தாமல் நிலுவை வைத்துவிட்டால் அவருக்கு நோட்டீஸ் வரும். வட்டிக்குக் கொடுத்தவரும் அதே வாரத்தில் வாசலில் வந்து நின்றால் அவருடைய மனவேதனை பெரிதுதான். எனினும், பாக்கிக்காக அவரை வெயிலில் நிறுத்தவும், விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கவும் எந்தச் சேவகனுக்கும் அதிகாரமில்லை. சுமார் 170 வருஷங்களுக்கு முன் இந்நிலை இல்லை. அதனை மாற்றுவதற்கு முதன்முதலில் வாய் திறந்தவர்களுள் முதன்மையானவரும், தம் செல்வத்தை அதற்கே செலவிட்டவருமான காஜுல லக்ஷ்மிநரசு செட்டியாரின் சரித்திரம் நம் ஜனங்களுக்குள் போதிய அளவு பரவவில்லை. ஆகையால் அதனை இங்கே கூற முற்படுகின்றோம்.

செட்டியார் 1806-ம் வருஷம் சென்னையில் பிறந்தவர். தந்தையார் சித்துலு செட்டியார் நீல வியாபாரி. மகனுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு சொற்பம். கடையில் கற்றதே அதிகம். நீலமும் துணியும் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. நீலம் என்றால் இந்நாளில் பலருக்குச் சலவைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அக்காலத்திலோ கடப்பையும் தென்னாற்காடும் அவுரி விளைவித்துக் கப்பலேற்றிய ஜில்லாக்கள். திண்டிவனமும் விழுப்புரமும் அத்தென்னாற்காட்டின் தாலூகாக்கள். அவுரித் தொழில் முன்பணத்தில் நடப்பது. விதைக்கும்போதே குடியானவன் கடனாளி. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, சாயக்கட்டியாக்கி விற்ற பின்னரே கணக்குத் தீரும்; தீராமலும் போகும். கடன் என்பது கொடுப்பவன் பக்கத்திலும் வாங்குபவன் பக்கத்திலும் எப்படித் தோன்றும் என்பதை இவ்வியாபாரத்தில் இருந்தவர் அறியாதிருக்க முடியாது.

அக்காலத்து வரிகளில் நிலத்தீர்வையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். மோதர்ப்பாவைப் பற்றி அறிந்தவர் சிலரே. நவாபிடமிருந்து 1801-ல் கர்நாடக ராஜ்யத்தைக் கைக்கொண்ட கும்பெனியார், பழைய ஆட்சியிலிருந்து தொடர்ந்து வாங்கிவந்த கைத்தொழில் வரியின் பெயர் அது. நெசவாளனின் தறிக்கு வரி, தச்சன், கொல்லன், தட்டான் ஆகியோரின் தொழிலுக்கு வரி, செக்குக்கு வரி, தெருவோரத்தில் கூடை வைத்து விற்பவளுக்கும் வரி. சோழர் காலத்துச் சாசனங்களிலேயே தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்ற பெயர்கள் உள்ளனவே எனச் சிலர் வினவலாம். உண்மைதான், வரி பழையதாயிருப்பதால் நியாயமானதாகிவிடாது. மான்செஸ்டர் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்த பிறகு தறி ஓடவில்லை; தறிவரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தரை இவ்வரி தீண்டவில்லை. தன் கையையே முதலாகக் கொண்டவன்மீதே விழுந்தது. இன்னாருக்கு இவ்வளவு என்று விதிப்பதில் கிராம உத்தியோகஸ்தர் கைவரிசைக்கும் இடமிருந்தது.

கிஸ்து கட்டவேண்டிய நாளில் கையில் காசில்லாதவன் என் செய்வான்? சவுகாரிடம் செல்வான். வட்டியோ கடுமை, விளைந்த தானியத்தை அவர் சொன்ன விலைக்கு அளக்கவேண்டும். அடுத்த கிஸ்துக்கு மறுபடியும் கடன். சவுகாரும் கையை விரித்துவிட்டால் தாலூகாக் கச்சேரியின் சேவகர்கள் வருவார்கள். குனியவைத்துத் தலையையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து நாழிகைக் கணக்கில் வெயிலில் நிறுத்துவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். விரல்களைக் கட்டையிடுக்கில் நெரிக்கும் கருவிக்குக் கிட்டி என்று பெயர். முதுகில் கல்லேற்றுவதும் உண்டு. பாக்கி என்பது குற்றமன்று. இல்லாமையே அதன் காரணம். இருப்பதை மறைத்து வரி ஏய்ப்பவனையும், இல்லாமையால் கொடாதவனையும் வேறு பிரிக்கத் தெரியாத ராஜாங்கம் இரண்டு பேரையும் ஒரே கிட்டியில் நெரித்தது.

செட்டியார் 1844-ல் இளம்பிறை என்று பொருள்படும் கிரஸெண்ட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தம் சொந்தப் பணத்தில் தொடங்கினார். ஹார்லி என்ற ஆங்கிலேயர் அதற்கு ஆசிரியர். இலாபம் தரும் தொழிலன்று அது என்பதைப் பத்திரிகை நடத்துவோர் எவரும் அறிவர். 1852-ல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை ஸ்தாபித்தார். கல்கத்தாவார் தயாரித்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அடங்கிவிடச் சங்கத்தார் சம்மதிக்கவில்லை. சென்னை ராஜதானியின் குறைகள் வேறு. ரயத்துவாரித் தீர்வையும், மோதர்ப்பாவும், உப்பு வரியும் இங்கே தனிப் பாரம் என்று கண்டு, பார்லிமெண்டுக்குத் தாமே விண்ணப்பம் எழுதினர். அதில் மோதர்ப்பாவுக்குத் தனியிடம் தந்ததை நாம் பெரிதாக மதிக்கின்றோம். பட்டணத்துப் பெரிய வர்த்தகர்கள் தம் குறையை மட்டும் எழுதி அனுப்பியிருந்தாலும் அக்காலத்தில் அவர்களைக் கேட்பார் இலர்.

விண்ணப்பம் சீமைக்குப் போய் அலமாரியில் உறங்கியிருக்கக்கூடும். அவ்வாறு நேராமல் தடுத்தது செட்டியாரின் அடுத்த காரியம். பார்லிமெண்டு அங்கத்தினரும் இந்திய சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்தவருமான டான்பி ஸீமோர் துரை 1853-ல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரைக் கச்சேரிகளிலும் விருந்துகளிலும் நிறுத்திவிடவில்லை. தென்னாற்காட்டின் தலைநகரான கடலூர், கும்பகோணம் முதலிய இடங்களுக்கு உடன் சென்று, குடிகளின் நிலைமையை நேரில் காணச் செய்தார். ரயில் இல்லாத நாள் அது. மாட்டுவண்டியும் பல்லக்கும் செல்லும் வழிகளில் அலைந்து திரிந்த அப்பிரயாணத்தின் பயன் மறு வருஷம் தெரிந்தது. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை நிலவரியைப் பற்றிய விவாதம் நடந்தபோது சித்திரவதை என்ற சொல் அங்கே ஒலித்தது. கும்பெனியாரின் நண்பர்கள் முதலில் மறுத்தனர். மறுத்துத் தப்ப முடியாமற் போகவே, சென்னையில் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் அங்கத்தினர்.

ஜனங்கள் பல நாள் நடந்து வந்து முறையிட்டனர். நேரில் வந்தோர் 519 பேர்; எழுதியனுப்பியோர் 1,440 பேர். 1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை, வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது மெய்யே என ஒப்புக்கொண்டது. ஆனால் பழியெல்லாம் சுதேசிச் சிப்பந்திகளுடையது, ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களுக்கு அதில் சம்மதமில்லை என்றும் அது கூறிற்று. கிட்டியைப் பிடித்த கை நம்மவர் கைதான். அதை நாம் மறைக்க விரும்பவில்லை. இத்தனை ரூபாய் வந்தே தீரவேண்டும் என்று தொகையை நிர்ணயித்த கை எவருடையது என்பதை மட்டும் கமிஷனார் கேளாமல் விட்டுவிட்டனர். நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் 1857-ல் கார்ல் மார்க்ஸ் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியபோது, கடல் கடந்த வாசகர்களும் சென்னைக் குடியானவனின் பாக்கியைப் பற்றி அறிந்தனர்.

கும்பெனியாட்சி 1858-ல் முடிந்தது. 1860-ல் வருமான வரி வந்தது. வருஷத்திற்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ளோருக்கு அவ்வரியில் விலக்கு. சம்பளக்காரர் அதில் தப்பவில்லை. அதன்பின் மோதர்ப்பாவும் எடுபட்டது. தறியின் முன் உட்கார்ந்திருந்தவனுக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை, இன்றும் பட்டுத்தறிகள் ஓடும் விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் நிற்பவர் எண்ணிப் பார்க்கலாம். செட்டியார் ஒருவரால் மட்டுமே இது நடந்ததென்று நாம் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கும் பணமுடை, புதுவரி அதற்குத் தேவையாயிருந்தது.

அரசாங்கத்தார் செட்டியாருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் அளித்தனர், 1863-ல் சென்னைச் சட்டசபையில் ஸ்தானமும் தந்தனர். முன்பு சந்தேகக் கண்ணுடன் நோக்கியவர்களே இதைச் செய்தனர். பட்டத்தினால் கடை நடவாது. பத்திரிகைக்கும், சங்கத்திற்கும், விண்ணப்பங்களுக்கும், பிரயாணங்களுக்கும் கொடுத்த பணம் திரும்பி வரும் பணமன்று. நீலத்திலும் துணியிலும் திரட்டிய செல்வம் கரைந்து, வறுமையிலேயே அவர் 1868-ல் காலமானார். அவர் போனபின் சங்கமும் சோர்ந்துவிட்டது. 1884-ல் சென்னை மகாஜன சபை ஏற்படும் வரையில், தறிக்காரனுக்காகவும் ஏர்க்காரனுக்காகவும் அவரைப்போல் எழுதியனுப்பச் சென்னையில் வலிமையான சங்கம் வேறு இருக்கவில்லை.