தியோடர் பொவேரி: செல் பகுப்பில் புற்றுநோயின் தொடக்கத்தைத் தேடியவர்

கீமோதெரபி மருந்துகளுள் சில, செல் இரண்டாகப் பிரியும் தருணத்தில் அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. அத்தருணத்தில் செல்லுக்குள் நிகழ்வனவற்றை நுணுகி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் பொவேரி. அவர் புற்றுநோயாளி எவருக்கும் சிகிச்சை அளித்தவர் அல்லர். விலங்கியல் பேராசிரியராகவே வாழ்ந்து மறைந்தார்.

பாம்பெர்க் நகரில் 1862ஆம் ஆண்டு பிறந்த பொவேரி, மியூனிக்கில் முதலில் வரலாறும் தத்துவமும் பயின்று, பின்னர் இயற்கை அறிவியலுக்கு மாறினார். 1893 முதல் இறுதிவரை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகளை அவர் முதலில் ஆராய்ந்தார். அவற்றில் குரோமோசோம்கள் மிகச் சிலவே, அளவிலும் பெரியவை. செல் பிரியுமுன் ஒரு சிறு உறுப்பு இரண்டாகி எதிரெதிர் முனைகளுக்குச் செல்வதையும், அம்முனைகளிலிருந்து கதிர்கோல் இழைகள் நீள்வதையும் அவர் கண்டார். 1888ஆம் ஆண்டு அவ்வுறுப்புக்குச் சென்ட்ரோசோம் எனப் பெயரிட்டார். அவ்விழைகள் நுண்குழல்களால் ஆனவை என்பது, மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னரே தெளிவாயிற்று.

அவருடைய பெருஞ்சோதனை கடல் முள்ளெலி எனப்படும் உயிரியின் முட்டைகளில் நடந்தது. ஒரு முட்டையில் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால், இரண்டு முனைகளுக்குப் பதிலாக நான்கு முனைகள் தோன்றும்; குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும். அவ்வாறு பிறந்த நான்கு செல்களையும் பிரித்து வளர்த்தபோது, அவை வெவ்வேறு விதமாக வளர்ந்தன, பெரும்பாலானவை அழிந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனிப் பணி உண்டு என 1902ஆம் ஆண்டு அவர் முடிவுரைத்தார்.

1914ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், குரோமோசோம் பங்கீடு பிழைபட்ட ஒரே செல்லிலிருந்தே புற்றுக்கட்டி தொடங்கக்கூடும் என்றார். கட்டிகளைத் தாமே ஆராயாமல், முட்டைகளில் கண்டதைக் கொண்டு ஊகித்த துணிவு அது. நெடுநாள் உடல்நலம் குன்றியிருந்த அவர், மறு ஆண்டே தம் 53ஆம் வயதில் காலமானார். உடன் ஆய்வு செய்த அவர் மனைவி மார்செல்லா ஓகிரேடி, ஓர் அமெரிக்க உயிரியலாளர். அந்நூலை 1929ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் குறிப்பிட்டதொரு குரோமோசோம் மாற்றம் 1960ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. வாழ்நாளில் எலும்பு மஜ்ஜையின் ஒரு செல்லில் நேர்வது. ஆகவே இந்நோயாளியின் பெற்றோர் தம்மைக் குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின், நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. பாக்ளிடாக்செல் அவை கலைவதைத் தடுக்கிறது. இரண்டினாலும் கதிர்கோல் இழைகள் செயலிழக்கின்றன. நரம்புகளுக்கும் நுண்குழல்கள் தேவை என்பதால், இம்மருந்துகளால் கை, கால் விரல்களில் மரத்துப்போதலும் எரிச்சலும் ஏற்படலாம். வின்கிறிஸ்டினால் மலச்சிக்கலும் உண்டாகலாம். பொத்தான் போடுவது கடினமானாலோ, நடை தடுமாறினாலோ, அடுத்த தவணை மருந்து ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவதா, இடைவெளி விடுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.