காந்தியடிகளும் மனவுறுதியும்

மனவுறுதி சிலர்க்குப் பிறப்பிலேயே வாய்க்கும் வரமென்றும், தீய பழக்கத்திற் சிக்கினோர் அதனை எண்ணிப் பெருமூச்செறிவதன்றிச் செயற்பாலது யாதுமில்லை என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்து மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே கேடு விளைப்பது. அதனை மறுத்தற்குக் காந்தியடிகளின் இளமை வரலாறே தக்க சான்றாம்.

அடிகள் 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி கூர்ச்சர நாட்டுப் போர்பந்தரிற் பிறந்தனர். தந்தையார் கரம்சந்தர் திவான் பதவி வகித்தவர். தாயார் புத்லிபாய் விரதங்களில் வழுவாதவர். இத்தகைய இல்லத்திற் பிறந்த சிறுவனும், பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில், உறவினர் ஒருவர் புகைத்தெறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தான். அவை போதாமையால் வேலையாளின் காசைத் திருடினான். நண்பனொருவன் தூண்டுதலால் ஓராண்டளவு ஒளித்து ஊனுண்டு, தாயிடம் பொய்யும் உரைத்தான். பதினைந்தாம் வயதில், தமையன் பட்ட ஏறக்குறைய 25 ரூபா கடனைத் தீர்த்தற்பொருட்டு, அத்தமையனது கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தான்.

கடன் தீர்ந்தது, நெஞ்சின் சுமை தீர்ந்திலது. செய்த குற்றத்தைத் தாளில் எழுதி, தக்க தண்டனையை வேண்டி, இனித் திருடேன் என உறுதிகூறி, நோயுற்றுப் பலகையிற் கிடந்த தந்தையார் கையிற் கொடுத்தான். அவர் எழுந்திருந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. சிறிது நேரங் கண்மூடியிருந்து, தாளைக் கிழித்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொண்டார். வெகுளுவாரென அஞ்சியிருந்த மகனை அவ்வமைதியே திருத்திற்று.

ஈண்டு நாம் கருதற்பாலன இரண்டு. தீய பழக்கம் மறைவிலே வளர்வது. அன்புடையார் முன்னர்த் தானே வெளிப்படுத்தியவனிடத்து அதன் வலி குன்றும். இஃது ஒன்று. மற்றது, ஆசை வந்து நிற்கும்போது மனம் சாக்குகளைத் தேடும். ஆதலின் முடிவினை முன்னரே செய்துகொள்ளல் வேண்டும். 1888இல் இலண்டனுக்குப் புறப்படுமுன், மது, மாது, ஊன் என்பவற்றைத் தீண்டேன் என அடிகள் தாயார்க்கு வாக்களித்தனர். அங்கே நண்பர் ஊனுண்ணும்படி வற்புறுத்தியபோது, வாதத்தில் வெல்ல இயலாதிருந்தும், கொடுத்த வாக்கே அவரைக் காத்தது.

அடிகளும் எக்காலத்தும் தளராதிருந்தாரல்லர். பாலருந்துவதில்லையென விரதம் பூண்டவர், 1918இல் தொடங்கிய கடும் நோயின்போது ஆட்டுப்பால் அருந்த இசைந்தனர். அதனைக் குறையென்றே ஒப்புக்கொண்டு எழுதினரேயன்றி மறைத்திலர்.

1927 நவம்பரில் அடிகள் இலங்கைக்கு வந்து, கண்டிக்கும் மலைநாட்டின் பிறவூர்கட்கும் சென்றனர். கதர்ப் பணிக்குப் பொருள் திரட்ட வந்தவர், தோட்டத் தொழிலாளரிடம் குடியை விடுமாறும் வேண்டினர். கூலியிற் பெரும்பகுதி தவறணைக்குச் செல்லும் இல்லங்கள் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் உள. அவ்வில்லங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.

அவருள் ஒருவன் தன் குற்றத்தைத் தானே வந்து உரைப்பானாயின், நாம் சினத்தல் ஆகாது. சினப்போமாயின் அவன் கற்பது ஒளிக்குந் திறனொன்றே. அவன் விடவேண்டிய பழக்கம் ஒன்றனை அவனே தெரிந்து, தான் மதிக்கும் ஒருவர் முன் உறுதிகூறச் செய்வோமாக. தவறினும் மறையாது வந்துரைத்து மீண்டுந் தொடங்குமாறு பழக்குவோமாக. அதற்கு முன்னர், வெற்றிலையோடு புகையிலையிடும் ஆசிரியர் அதனைத் தாம் விட்டுக் காட்டுதல் நன்று.