கணக்குக் கேட்ட பத்திராதிபர்: ஜி. சுப்பிரமணிய ஐயர்

அரசனைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர் வரலாறுகள் நம் இலக்கியத்திற் பல உள. அரசினிடம் கணக்குக் கேட்டு வாழ்ந்தார் வரலாறோ அரிது. பொருளை ஈட்டிக் காப்பது மட்டுமன்றி, அதனை முறையறிந்து செலவிடுவதும் அரசன் தொழிலே என்பது வள்ளுவர் கொள்கை. அச்செலவு முறையானதுதானா என்று வினவும் உரிமை குடிகளுக்கு உண்டு என்பதைச் சென்னை மாகாணத்தார்க்குப் பத்திரிகை வாயிலாகக் கற்பித்த பெருமக்களுள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் ஜி. சுப்பிரமணிய ஐயராவர். அன்னாரது வாழ்வை, அவர் காலத்தெழுந்த பர்மா யுத்தச் செலவு என்னும் வழக்கோடு இயைத்து ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஐயர் 1855-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தஞ்சை ஜில்லாவைச் சார்ந்த திருவையாற்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தஞ்சைத் தூய பேதுரு பள்ளியிற் பயின்று, பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்காத்லாந்துத் திருச்சபையாரின் மிஷன் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தார். அத்தொழிலைச் செய்துகொண்டே தாமாகப் படித்து 1877-இல் பி.ஏ. பட்டமும் பெற்றார். மிஷன் பள்ளியொன்றிற் கற்றும் மற்றொன்றிற் கற்பித்தும் வளர்ந்தவர் அவர் என்பதை நம் கல்லூரி மாணவர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

1878-இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றார். இந்தியர் ஒருவர் அவ்வாசனத்தில் அமர்வதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இகழ்ந்தெழுதின. மறுமொழி கூற இந்தியர்க்கு ஓர் இதழில்லை. ஆதலின் ஐயரும் வீரராகவாச்சாரியாரும் வேறு நால்வரும் சேர்ந்து, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் 'ஹிந்து' என்னும் ஆங்கில வார இதழை 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். ஆயினும் வரி கொடுப்பாருட் பெரும்பாலார் ஆங்கிலம் அறியார். அவர்களும் அரசின் நடவடிக்கைகளை அறிதல் வேண்டும் என்று கருதி, 1882-இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் இதழை ஐயர் தொடங்கினார். 1884-இற் சென்னை மகாஜன சபை நிறுவப்பட்டபோதும் அவர் முன்னின்றார்.

இந்நிலையிற்றான் பர்மா யுத்தம் மூண்டது. பம்பாய்–பர்மா வர்த்தகக் கம்பெனி என்னும் தேக்குமர வியாபாரிகளுக்கு மாந்தளை அரசு பெருந்தொகை அபராதம் விதித்ததும், பிரெஞ்சுக்காரர் அந்நாட்டிற் செல்வாக்குப் பெறுவரோ என்ற அச்சமும் அதற்குக் காரணங்களாயின. 1885 நவம்பர் இறுதியில் மாந்தளை வீழ்ந்தது. தீபா மன்னர் சிறைப்பட்டுக் கடல் வழியே நம் சென்னைக்கே கொண்டுவரப்பட்டுச் சில மாதங்கள் வைக்கப்பட்டார். பின்னர் இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டார். 1886 ஜனவரி முதல் நாள் மேற்பர்மா பிரிட்டிஷ் இராஜ்யத்தோடு இணைக்கப்பட்டதாக அறிக்கை வெளிவந்தது.

நாட்டைப் பிடித்தவர் ஆங்கிலேயர், பணம் யாருடையது? இந்திய வருமானத்தை இந்திய எல்லைக்கு அப்பால் நிகழும் படையெடுப்பிற்குச் செலவிடவேண்டின், படையெடுப்பைத் தடுக்கும் அவசரம் நீங்கலாக, பார்லிமெண்டின் இரு சபைகளும் சம்மதித்தல் வேண்டும் என்று 1858-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. மாந்தளை வீழ்ந்து மூன்று திங்களாகும் அளவில், 1886 பிப்ரவரியிலேயே, அச்சம்மதம் காமன்ஸ் சபையிற் கேட்டுப் பெறப்பட்டது. செலவு முன்னும் அனுமதி பின்னுமாக முடிந்தது. யுத்தம் எளிதில் முடிந்ததேனும், பர்மியர் கிளர்ச்சியை அடக்கப் பல ஆண்டுகளும் பெரும்படையும் வேண்டியிருந்தன. 1886-இல் ஆண்டுக்கு 500 ரூபாயும் அதற்கு மேலும் வருவாயுடையார்மீது வருமான வரி விதிக்கப்பட்டது. 1888-இல் உப்பு வரி, 82 பவுண்டு கொண்ட மணங்கு ஒன்றுக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. வெள்ளியின் விலை வீழ்ச்சி முதலிய வேறு காரணங்களும் உளவெனினும், பர்மாச் செலவு அவற்றுள் ஒன்று. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கோவளக் கடற்கரையில் விளையும் உப்பை வாங்கிக் கூழிலிடும் ஏழை உழவனும், தான் காணாத ஐராவதி நதிக்கரையிற் கோட்டை கட்டப் பங்கு கொடுத்தான் என்பதே இதன் பொருள்.

மாந்தளை வீழ்ந்த மறுதிங்களில், டிசம்பர் 28-இல், பம்பாயிற் காங்கிரஸ் மகாசபை முதன்முறை கூடிற்று. 72 பிரதிநிதிகள் வந்திருந்தனர். இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய ராயல் கமிஷன் ஒன்றை நியமிக்க வேண்டும் என்ற முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஐயரே. மேற்பர்மாவை இணைத்தலாகாது, இணைத்தே தீர்வதாயின் பர்மா முழுவதையும் இந்தியாவினின்று பிரித்து இலங்கையைப் போலத் தனிக் குடியேற்ற நாடாக்குக என்றும் அச்சபை தீர்மானித்தது. பர்மியர் விருப்பம் யாதென அத்தீர்மானம் வினவவில்லை. இஃதொரு குறையே. எனினும், வெற்றி முழக்கத்தின் நடுவே செலவைப்பற்றி வினவிய அத்துணிவு சிறிதன்று.

அன்று கேட்ட விசாரணை பத்தாண்டு கழித்து ஒரு பகுதி கைகூடிற்று. இந்தியச் செலவுகளை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் 1895-இல் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. தாதாபாய் நௌரோஜி அதன் அங்கத்தினருள் ஒருவர். 1897-இற் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் ஐயரும் இலண்டன் சென்று சாட்சியம் அளித்தார். அந்நாளிற் செலவுக் கணக்குகள் எத்தன்மையவாய் இருந்தன என்பதற்கு ஈருதாரணங்கள் போதும். 1867-இல் துருக்கி சுல்தானுக்கு இலண்டனில் நிகழ்ந்த நடன விருந்தின் செலவு இந்தியக் கணக்கில் எழுதப்பட்டது. அபிசீனியப் போருக்குச் சென்ற இந்தியப் படையின் சாதாரணச் சம்பளத்தையும் இந்தியாவே கொடுத்தது. 1900-இல் வெளிவந்த கமிஷன் அறிக்கையாற் கிடைத்த நிவாரணம் சிறிது. நௌரோஜி முதலியோர் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதினர்.

பிறரிடம் கணக்குக் கேட்பவன் தன் இல்லத்திலும் நேர்மை காக்க வேண்டுமன்றோ? சமூகச் சீர்திருத்தம் பேசிய ஐயர், இளமையிற் கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தார். அதனாற் சுற்றத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். 1898-இல் 'ஹிந்து'வினின்று விலகி, தமிழ்ப் பத்திரிகையையே தம் உயிராகக் கொண்டார். 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. 1904-இற் பாரதியார் அதில் உதவியாசிரியராக அமர்ந்தார். 1908-இல் இராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி ஐயரைச் சர்க்கார் கைது செய்தது. இறுதிக் காலத்திற் கொடுநோயால் வருந்தி, 1916 ஏப்ரல் 18-இல் உயிர் நீத்தார்.

பம்பாயிற் கேட்ட பிரிவினை 1937 ஏப்ரல் முதல் நாளன்று நிறைவேறியது. நம் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபுகுந்ததும் அவ்வாண்டே. ஆயின் இடைப்பட்ட ஐம்பதாண்டில் எண்ணற்ற தமிழர் பர்மாவிற் குடியேறிவிட்டனர். 1960-களில் அவர்களுட் பலர் வெறுங்கையராய்த் திரும்ப நேர்ந்தது. தாம்பரத்தில் மின்ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவோர் எதிரே காணும் பர்மா பஜார் அவர் பிழைப்பிற்காக எழுந்ததே. ஒரு நாட்டைச் சேர்ப்பதற்காகும் செலவு யுத்தக் கணக்கோடு முடிவதில்லை.

அந்நிய ஆட்சி அகன்றது, கணக்கு அகலவில்லை. 2021-இற் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. அதன் வரவு செலவுத் திட்டமும் ஆண்டுதோறும் தமிழில் நம் முன் வருகின்றது. இற்றைநாளில் அதைப் படித்து வினவுவோர்க்குச் சிறையச்சம் இல்லை, ஐயர்க்கு இருந்தது. புதிதாய்ச் சேர்ந்த ஊரின் வரி எவ்வளவு, அவ்வூருக்குச் சென்ற நீரும் சாலையும் எவ்வளவு என்று மாணவராகிய நாம் ஒரு மாலைப்பொழுதேனும் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போமாயின், அப்பத்திராதிபருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதி தீரும் என்பது எம் துணிபு.