வ.உ.சி.யின் வக்கீல் சன்னது: பறித்தது யார், திருப்பிக் கொடுத்தது யார்?

திருப்பூர், அவிநாசி பக்கத்திலிருந்து கோவை போகிறவர்கள் காந்திபுரத்தில்தான் இறங்குவார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் மத்திய சிறையில்தான் வ.உ.சிதம்பரனார் 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அடைக்கப்பட்டிருந்தார். அங்கே அவர் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்த பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் தவித்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். பிளீடர் தேர்வில் தேறி சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கிய மகன், ஏழைகளுக்காக வழக்காடி போலீஸின் கோபத்தைச் சம்பாதித்தார். 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி. 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 12-ல் கைது. செஷன்ஸ் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீடுகளில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

தண்டனை குறைந்தாலும் சன்னது போனது போனதுதான். 1879-ம் ஆண்டு சட்டப்படி, குணக்கேட்டைக் காட்டும் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட பிளீடரை ஹைகோர்ட் நீக்கலாம். ராஜத்துரோகமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது! சென்னையில் வக்கீல்களுக்கு சங்கம் இருந்தது. ஆனால் சன்னது கொடுப்பதோ பறிப்பதோ அதன் கையில் இல்லை. கோவையில் அவருக்குத் துணை நின்றது ஒரு தனி வக்கீல். பின்னாளில் பெரியபுராணத்துக்கு உரை எழுதிய சி.கே.சுப்பிரமணிய முதலியார்தான் அவர்.

1912 டிசம்பரில் விடுதலை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பத் தடை. கப்பல் கம்பெனி ஏற்கெனவே மூழ்கியிருந்தது. சென்னையில் அரிசி, நெய், மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். வியாபாரம் கைகொடுக்கவில்லை. பிறகு சில காலம் கோவையிலும் குடும்பத்தோடு இருந்தார். அந்த ஊர் கோர்ட்டிலும் அவரால் கவுன் மாட்ட முடியாது.

1920-களில்தான் வழி பிறந்தது. அதற்கு உதவியவர் இ.எச்.வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. வ.உ.சி. சிறைக்குப் போன காலத்தில் திருநெல்வேலியில் பணியாற்றியவர், அவரை நன்றாக அறிந்தவர். சன்னது திரும்பி வந்தது. அந்த நன்றிக்காகவே வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1924 முதல் 1932 வரை கோவில்பட்டியில் வழக்காடினார்.

காந்தி கதை இன்னும் வேறு மாதிரி. அவர் பாரிஸ்டர் என்பதால், 1922-ல் அவர் பெயரை நீக்கியது லண்டனில் இருக்கும் இன்னர் டெம்பிள் என்ற வக்கீல்களின் சொந்த அமைப்பே. அவர்கள் மறுபடி சேர்த்துக்கொண்டது 1988-ல், அவர் இறந்து 40 வருஷம் கழித்து!

சரி, இன்றைக்கு இப்படி நடந்தால்? 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் வந்த பிறகு, பதிவு செய்வது மாநில பார் கவுன்சில். புகார் வந்தால் விசாரிப்பது அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. அதன் முடிவை எதிர்த்து இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி 2 ஆண்டுகள் ஆனதும் அந்தத் தடை நீங்கிவிடும். வ.உ.சி.க்கு அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால், 1914 டிசம்பரிலேயே தடை முடிந்திருக்கும்.

சன்னது வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. வருமானம் பெரிதாக இல்லை. 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பியவர், 1936 நவம்பர் 18-ல் அங்கிருந்த காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். அவர் எழுதி வைத்த உயிலில் கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கியும் பட்டியலாக இருந்தது.