விக்கிரம் சாராபாய்

காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் ஒன்று உள்ளது. அவ்வூர்க் கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல் ஐந்து கிலோமீட்டர் தொலைவு வரையே தெரியும்; அதற்கப்பால் வானும் நீரும் ஒன்றாகிவிடும். வாடையும் கொண்டலும் வீசும் முறை, மேகத்தின் நிறம், நீரோட்டத்தின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு மழையையும் காற்றையும் முன்னறியும் திறம் மீனவர்க்குப் பரம்பரையாக வாய்த்தது. அவ்வறிவு சிறிதன்று. ஆயினும், வங்கக் கடலின் நடுவே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சுழன்றெழும் புயலைக் கரையில் நிற்போர் கண் எவ்வாறு காணும்? அதனைக் காண விண்ணில் ஒரு கண் வேண்டும். கண்டதனைக் கரைக்குச் சொல்ல ஒரு வாயும் வேண்டும். இவ்விரண்டும் நம் நாட்டுக்கு வாய்க்க வழிகோலியவர் விக்கிரம் சாராபாய்.

இவர் 1919 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் அகமதாபாத்து நகரில், நெசவாலைகள் பல உடைய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால், தாயார் சரளாதேவி. இங்கிலாந்தில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த காலத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. தாயகம் திரும்பிய சாராபாய், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின்கீழ் அண்டக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1942 இல், சென்னையில் வளர்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். போர் முடிந்தபின் கேம்பிரிட்சுக்கு மீண்டும் சென்று 1947 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர், இந்திய வானிலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய கே. ஆர். இராமநாதன். இளைஞராகிய நிறுவனர், தம்மினும் இருபத்தாறு ஆண்டு மூத்த வானிலை அறிஞரைத் தலைமையில் அமர்த்தித் தாம் அவர்க்குத் துணைநின்றது அவர்தம் பண்பைக் காட்டும். வளிமண்டலத்தின் மேலடுக்கு பற்றிய ஆராய்ச்சி அக்கூடத்தில் தொடக்கமுதலே வேரூன்றியது.

1960 ஏப்ரல் முதல் நாள் டைராஸ்-1 என்னும் செயற்கைக்கோளை அமெரிக்கா விண்ணில் செலுத்திற்று. மேகக் கூட்டங்களை மேலிருந்து படம்பிடித்து அனுப்பிய முதல் வானிலைக்கோள் அதுவே. 1962 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைந்தபோது சாராபாய் அதன் தலைவரானார். உணவுக்கே அயல்நாட்டுக் கோதுமையை எதிர்பார்த்திருந்த நாட்டுக்கு இராக்கெட்டு எதற்கு என்று பலர் வினவினர். நியாயமான வினாவே அது. செல்வ நாடுகளோடு நிலவுக்குச் செல்லப் போட்டியிடுதல் தம் நோக்கமன்று என்றும், கல்வி, செய்தித் தொடர்பு, வானிலை ஆகிய மக்கள் தேவைகளுக்கு உயர்ந்த அறிவியலைப் பயன்படுத்துவதில் பின்தங்கலாகாது என்றும் அவர் விடையிறுத்தார்.

இராக்கெட்டுகளை ஏவுதற்குக் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம் ஒன்று தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் அதற்குப் பொருந்தியது. அங்குப் பழைய தேவாலயம் ஒன்றும், அதைச் சூழ மீனவர் குடிசைகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் துணையால், ஊர் மக்கள் தம் மனைகளையும் வழிபாட்டிடத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். பிறந்த மண்ணையும் படகு ஏறும் துறையையும் விட்டு நீங்குதல் மீனவர்க்கு எளிதன்று. நம் விண்வெளி ஆராய்ச்சிக்கு முதற்கொடை அளித்தோர் அவர்களே. தேவாலயம் அலுவலகமாயிற்று. இராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. 1963 நவம்பர் 21 ஆம் நாள் மாலை, அமெரிக்க இராக்கெட்டு ஒன்று அங்கிருந்து எழுந்தது. அது உமிழ்ந்த சோடியம் ஆவி வானில் செம்மஞ்சள் நிறத்தில் படர்ந்தது. அது நகர்ந்த போக்கைக் கொண்டு மேல்வானக் காற்றின் விரைவை அறிஞர் கணித்தனர்.

ஓமி பாபா 1966 இல் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடம் வந்தது. 1969 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு நவம்பரில் நேர்ந்த பெருந்துயர் ஒன்று, புயலைக் கண்டறிதல் மட்டும் போதாது என்பதை உலகுக்குக் காட்டிற்று. இன்று வங்காளதேசமாக உள்ள கிழக்குப் பாகிஸ்தானைப் புயல் தாக்கியது. அதனை அமெரிக்கச் செயற்கைக்கோள் முன்னரே படம்பிடித்திருந்தது. ஆனால், தாழ்ந்த தீவுகளில் வாழ்ந்த மக்களுக்குத் தெளிவான எச்சரிக்கை சென்று சேரவில்லை. மூன்று இலட்சம் பேருக்குமேல் மாண்டனர்.

1971 டிசம்பர் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்த சாராபாய், கோவளத்தில் தங்கியிருந்தபோது 30 ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு அகவை 52. இந்தியச் செயற்கைக்கோள் ஒன்றேனும் விண்ணில் ஏறியதை அவர் காணவில்லை. முதற்கோளான ஆரியபட்டா 1975 இல்தான் ஏறியது.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1977 நவம்பர் 12 ஆம் நாள் வைகறையில் நாகப்பட்டினத்தை ஒட்டிப் புயல் கரையேறிற்று. தஞ்சைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஒரு வாரத்திற்குள் ஆந்திரக் கரையில் மற்றொரு புயல் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. வங்கக் கடலை இடையறாது நோக்கும் இந்தியக் கோள் அன்று இல்லை.

அதற்கான பணி சதீஷ் தவானின் தலைமையில் நடந்தது. 1982 இல் செலுத்திய இன்சாட்-1ஏ சில திங்களிலேயே பழுதுற்றது. 1983 ஆகஸ்டில் சென்ற இன்சாட்-1பி நிலைபெற்றது. நிலவுலகின் சுழற்சிக்கு ஒத்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குவதால், அக்கோள் நம் தலைக்குமேல் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். பகலில் ஒளியாலும், இரவில் மேகத்தின் உச்சியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிராலும் அது படம் எடுத்தது. உயர்ந்த மேகம் குளிர்ந்திருக்கும். ஆதலின் வெப்பத்தை அளந்தே மேகத்தின் உயரத்தை அறியலாம். மேகப் பட்டைகள் சுருளும் வடிவைக் கண்டு புயலின் வலிமையை மதிப்பிடலாம். படம் எடுத்த அதே கோள் செய்தியையும் ஏந்தியது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கடலோர ஊர்களில் வைத்த கருவிகளில் முதலில் சங்கொலி எழும். பின்னர் அவ்வப்பகுதி மொழியில் எச்சரிக்கை ஒலிக்கும். 1990 மே திங்களில் 1977 புயலுக்கு நிகரான வலிமையோடு ஆந்திரத்தைப் புயல் தாக்கியபோது, இலட்சக்கணக்கானோர் முன்னரே மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்திருந்தனர். இறந்தோர் ஏறத்தாழ ஆயிரவர். அதுவும் பெரிய இழப்பே. எனினும் முந்தைய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு.

வானிலைக்கென்றே அமைந்த முதல் இந்தியக் கோள் 2002 இல் சென்றது. பின்னர் அது கல்பனா-1 எனப் பெயர் பெற்றது. 2013 முதல் இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளந்து வருகின்றன. 2018 நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. தென்னையும் கூரையும் வீழ்ந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆனால், கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்னரே காரைக்கால் கரைக்கு வந்திருந்தது.